ஏறி மிதித்து இறுக்கிய நட்டுகள்

இந்த ஊரில் கார்கள் ஆண்டுக்கு இரண்டு முறை செருப்பு மாற்றிக்கொள்கின்றன. பனி விழப் போகிறது என்று தெரிந்ததும் கோடைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பனிச் சக்கரங்களைப் போட வேண்டும். பனி உருகியதும் பழையபடி மாற்ற வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. ஆனால் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் தாங்களே மாற்றுகிறார்கள். அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜ்களைத் திறந்துவைத்துக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருப்பார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்கு வீடு 'டக், டக்' என்று ஒரு சத்தம் வரும். கனடாவுக்கு வந்த முதல் வருடம் அதைப் பல்லி என்றே நினைத்தேன். நல்ல பேச்சு பேசும்போது பல்லி சொன்னால் பலிக்கும் என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவன் வேறு எதை நினைப்பான்? இந்தக் குளிரில் பல்லி ஏது என்று கோமதி கேட்ட பிறகுதான் எட்டிப் பார்த்தேன். டார்க் ரெஞ்ச் என்று ஒரு ஸ்பேனர். நட்டு எவ்வளவு இறுக வேண்டுமோ அந்த அளவைக் கைப்பிடியில் திருகி வைத்துக்கொண்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்னும். போதும், கையை எடு என்று அர்த்தம்.

போதும் என்பதை ஒரு ஸ்பேனர் வந்து சொல்ல வேண்டுமா என்று அன்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இந்த வருடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்கள் மட்டும் தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள்.

நான் இருப்பது கனடாவின் சமவெளியில் ஒரு சின்ன ஊர். என் மனைவி கோமதி நர்ஸ். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை எழுபது கிலோமீட்டர் தள்ளி நகரத்தில் இருக்கிறது. நடுவே கோடு போட்டது போல ஒரு நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட கோதுமை வயல், வேறொன்றும் இல்லை. நான் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கியில் செப்டம்பரில் ஆள் குறைத்தார்கள், அதில் நானும் போனேன். வீட்டில் சும்மா இருக்கும் ஆண்பிள்ளை சக்கரத்தையாவது மாற்றலாமே என்று எனக்கே தோன்றியது. ஆயுதபூஜை அன்று காலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். போல்ட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். நட்டுகளை மாட்டி, காரோடு வந்த வீல் ஸ்பேனரைப் படுக்கைவசமாகப் பொருத்தி, கூரையைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி நின்று, ஒவ்வொரு நட்டுக்கும் இரண்டு மிதி மிதித்தேன். முடிந்ததும் எல்லா நட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்துவிட்ட திருப்தி எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் கிடைத்தது.

நாலாம் நாள் காலை கோமதியிடமிருந்து போன் வந்தது. காற்றின் இரைச்சலுக்குள் அவள் குரல் கேட்டது. "ஏங்க, ஸ்டியரிங் கெடந்து ஆடுது. ஓரமா நிறுத்தி எறங்கிட்டேன். முன் வீலு கோணிக்கிட்டு நிக்குது."

முன் இடது சக்கரத்தின் ஐந்து போல்ட்டில் இரண்டு முறிந்து விழுந்திருந்தன. மூன்றாவதில் நட்டைக் காணோம். மிச்சம் இரண்டு போல்ட்டில் அந்தச் சக்கரம் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் அவள் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்து முடித்ததில்லை. பாதியில் எழுந்து போய்விடுவேன். ஒரு விவசாயி தன் பிக்கப் வண்டியை நிறுத்தி, அவளை உள்ளே உட்காரவைத்து, இழுவை வண்டி வரும்வரை கூடவே இருந்திருக்கிறார். நானோ வீட்டில் இருந்தேன். எங்களிடம் இருப்பது அந்த ஒரு கார். என் மனைவி பனிக்காற்றில் நிற்கிறாள் என்று தெரிந்தும் எழுபது கிலோமீட்டர் சாலையில் என்னால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை, அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் காரில் ஒட்டிக்கொண்டு நகரத்துப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் என் வயதுக்காரன், தாடி வைத்தவன், மரியாதையாகப் பேசினான். கழற்றிய நட்டுகளைத் தட்டில் பரப்பி, அவற்றின் மேலிருந்த சிவப்புப் பொட்டுகளைக் காட்டி, "இந்த அடையாளம் நீ வைத்ததா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எல்லாவற்றுக்குமா?" நாலு சக்கரத்துக்கும், ஒன்றுகூட விடவில்லை என்றேன். அவன் தட்டைத் தள்ளிவைத்தான். அளவு பார்த்து இறுக்கி முடித்த நட்டுக்குத்தான் இங்கே பட்டறைகளில் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆயுதபூஜையைப் பற்றி விசாரிக்கிறான் என்று நினைத்து நான் பெருமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனோ, இவன் இறுக்காமலேயே இறுக்கியதாகப் பொய் சொல்கிறான் என்று நினைத்திருக்கிறான்.

பிறகு போல்ட்டைத் தடவி முகர்ந்து பார்த்தான்.

"என்ன இது?"

"தேங்காய் எண்ணெய்."

"சமைக்கிறதா?"

"தலைக்கும் தேய்ப்போம்."

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். எப்படி இறுக்கினாய் என்று கேட்டான். ஸ்பேனரைக் கீழே வைத்து, காலைத் தூக்கி, ஏறி மிதித்துக் காட்டினேன். பட்டறையில் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எண்ணெய் தடவினால் நட்டு வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் ஏறும், அதற்கு மேலே உன் உடம்பு எடையையும் போட்டால் போல்ட் உள்ளுக்குள்ளேயே இழுபட்டு நொந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாது, ஓடும்போது முறியும் என்று பொறுமையாக விளக்கினான். தளர்ந்து கழன்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இறுக்கித்தான் முறித்திருக்கிறேன்.

நாலு சக்கரத்துக்கும் புது போல்ட் போட்டான். "அலாய் சக்கரம், புது போல்ட். கொஞ்சம் ஓடினதும் தளரும். நூறு கிலோமீட்டருக்குள், சக்கரம் குளிர்ந்திருக்கும்போது, நூற்றெட்டு நியூட்டன் மீட்டர் அளவுக்கு மறுபடி இறுக்கிவிடு. வீட்டில் டார்க் ரெஞ்ச் இருக்கிறதல்லவா?" என்று கேட்டான். ஏற்கெனவே பொய்யன் என்று பேர் வாங்கியாகிவிட்டது. அந்த வெட்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் நூற்றெட்டு என்றால் கோயிலில் போற்றி, ரோட்டில் ஆம்புலன்ஸ். வீடு வந்து சேர்ந்தபோது எழுபது கிலோமீட்டர் ஓடியிருந்தது. மிச்சம் முப்பது. அந்தச் சக ஊழியருக்குத் திங்கள் முதல் ஷிப்ட் மாறுகிறது, அதனால் கோமதி எங்கள் காரில்தான் போயாக வேண்டும். இந்த ஊரில் உள்ள ஒரே பட்டறை சனி ஞாயிறு அடைப்பு. ரெஞ்ச் இரவல் கேட்கலாம் என்றால், எனக்கு முகம் தெரிந்த ஒரே ஆளான எதிர்வீட்டுக்காரரோ மான் வேட்டைக்குப் போயிருந்தார்.

இந்த எண்ணெயும் மிதியும் எங்கே கற்றவை என்று சொல்ல வேண்டும். என் அண்ணன் வேலாயுதம் வடகரையில் இருக்கிறான். வயலும் கொஞ்சம் தென்னையும் போக, ஒரு வேனும் உண்டு. சீசன் வந்துவிட்டால் தென்காசி ரயில் நிலையத்துக்கும் குற்றாலத்துக்கும் நாள் முழுக்க ஓட்டம். மூன்று மாதம் விடாமல் சாரல் அடிக்கும் இடத்தில் வண்டி நின்றால் நட்டெல்லாம் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். ஐந்தருவிப் பாதையில் பஞ்சரானால், நனைந்த துணியோடு பதினாலு பேர் வேனுக்குள் உட்கார்ந்து வெடவெடத்துக்கொண்டு இருப்பார்கள், நட்டு அசையாது. அதனால் அண்ணன் சீசனுக்கு முன்பே போல்ட்டுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டுவிடுவான். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்கள் உடம்புக்குத் தேய்க்கும் அதே எண்ணெய்ப் பாட்டில்தான். எண்ணெய் விட்டது கழன்றுவிடக் கூடாதே என்று ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பான். "ஒரு நட்டுக்கு ரெண்டு சவுட்டு, அதுதாம்லே கணக்கு" என்பான். சவுட்டு என்றால் மிதி, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சொல். பழைய வேனின் தடித்த போல்ட் அதைத் தாங்கிக்கொண்டது. யாரும் அங்கே அதைத் தப்பு என்று சொல்லவில்லை, தப்பாகவும் ஆகவில்லை.

தப்பானது ஒரே ஒரு தடவை. அதற்குக் காரணம் நான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐந்தருவி அருகே பஞ்சர். அண்ணன் சிதறிப்போன ஆட்களைக் கூட்டிவரப் போயிருந்தான், ஸ்டெப்னி மாற்றியது நான். மழை வலுத்துவிட்டது. வேனுக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, அதன் தாய் "சீக்கிரம் தம்பி, சீக்கிரம்" என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நட்டுகளைக் கையால் முறுக்கி, ஜாக்கியை இறக்கினேன். இறக்கிய பிறகு மிதிக்க வேண்டும். மிதிக்கவில்லை, மறந்துபோனேன். இலத்தூர் பக்கம் போகும்போது சக்கரம் தனியே ஓடி வயலுக்குள் போய் விழுந்தது, வேன் அதன் பின்னால் போய் வரப்பில் சாய்ந்தது. வந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அண்ணனின் வலது முழங்கால் மட்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இன்றும் அவன் விந்தி விந்தித்தான் நடக்கிறான். கேட்டவர்களிடமெல்லாம் போல்ட் தேய்ந்திருந்தது என்று சொன்னான். அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த நாளுக்குப் பிறகு நான் எதை மூடினாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை இறுக்குவேன். தண்ணீர்க் குழாய், கேஸ் சிலிண்டர், ஊறுகாய்ப் பாட்டில், எதுவானாலும். கோமதி திறக்க முடியாமல் திட்டுவாள்.

சனிக்கிழமை பனியில் நடந்தே கருவிகள் விற்கும் கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்க டார்க் ரெஞ்ச் தொங்கியது. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டிருந்த ஒரு முதிய பெண்மணி வந்து என்ன தேவை என்றார். "என் மனைவி திங்கட்கிழமை இதை நம்பித்தான் போக வேண்டும்" என்றேன். பதற்றத்தில் எனக்கு வந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மனைவிக்குப் பரிசு வாங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலும். சின்னதாக, கைப்பிடி மெத்தென்று இருந்த ஒன்றை எடுத்து, பெண்கள் கைக்கு இது வாகாக இருக்கும் என்றார். அதன் உச்ச அளவு நூறு. எனக்கு வேண்டியது நூற்றெட்டு. அழுகை வந்துவிட்டது எனக்கு. ஒரு கடையில், ஒரு ஸ்பேனருக்கு முன்னால், நாற்பத்தோரு வயதில். அவர் பயந்துபோய் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அவரே இருந்தார். இந்த முறை நடந்ததைக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். முறிந்த போல்ட்டை வரைந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பரிசுப் பேச்சை விட்டுவிட்டு, சுவரைத் துழாவி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முள் காட்டும் வகை ஒன்று. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை, விலையும் குறைவு. ஆனால் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தால்தான் அளவு சரியாக இருக்கும், விடிந்தும் விடியாத நேரத்தில் மூச்சுப் பட்டு என் கண்ணாடியே மூடிக்கொள்ளும். எண் காட்டும் மின்னணு வகை இன்னொன்று. அதன் பேட்டரி இந்தக் குளிரில் எப்போது படுக்கும் என்று யாருக்குத் தெரியும்? முந்நூறுக்கு மேல் போகிற பெரிது ஒன்றும் இருந்தது. அது லாரிக்கு, அளவின் அடிப்பாகத்தில் வைத்தால் அதன் பேச்சை நம்ப முடியாது என்றார். கடைசியாக 'டக்' என்கிற வகை. முப்பதிலிருந்து இருநூறு வரைக்கும் போகும், நூற்றெட்டு ஏறக்குறைய நடுவில் விழுகிறது. கையுறை போட்டிருந்தாலும் கையில் தெரியும், கண் தெரியாவிட்டாலும் காதில் விழும். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், இதை வைத்து நட்டைக் கழற்றக் கூடாது, கீழே போட்டுவிட்டால் மறுபடி சோதிக்காமல் நம்பக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கேட்டதும் நிறுத்திவிடு. இன்னொரு தடவை அழுத்திப் பார்க்காதே" என்று என் கையைத் தொட்டுச் சொன்னார். அதையே வாங்கினேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது வாங்கப் போனால், உங்கள் அளவு நடுவில் வருகிற மாதிரிப் பார்த்து இதையே வாங்குங்கள். போல்ட்டில் எண்ணெய் மட்டும் வேண்டாம். வேறு யோசனை சொல்ல எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"என்னலே இது? நட்டு முறுக்க மீட்டரா? பெட்ரோல் பங்கு கெணக்கா?" என்று கேலி செய்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தான். "என்ன நடந்துச்சு? சொல்லு."

சொன்னேன். கோமதி ரோட்டில் நின்றதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனதில் வாய் தானாக இலத்தூருக்குப் போய்விட்டது. "அண்ணே, அன்னைக்கு நான் மிதிக்கல. போல்ட் தேயல. நாந்தான் மறந்துட்டேன்" என்றேன்.

"தெரியும்லே."

"தெரியுமா?"

"வீல் கப்புக்குள்ள கெடந்த நட்டை நான்தானலே பெறக்குனேன். போல்ட்டுல ஒரு மறை தேயல." அவன் பின்னால் தென்னை மரங்களில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. "அன்னைக்கு நீ மிதிக்கல, இன்னைக்கு மிதிச்சுட்ட. இதுக்கு எதுக்குலே இப்படி அழுத? கோமதி நல்லா இருக்கால்லா? அதைப் பாரு. அந்த மீட்டர் ஸ்பேனரு எனக்கும் ஒண்ணு கொண்டாந்து தா. இந்தக் காலை வச்சிக்கிட்டு என்னால இப்பல்லாம் ஏறி மிதிக்க முடியல."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் போனை வைக்கத் தெரியவில்லை.

கோமதி எல்லாவற்றையும் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டில் நின்ற நாளிலிருந்து அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அன்று வந்து பெட்டியிலிருந்து ரெஞ்சை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தாள். "நான் ஒரு பேஷண்டுக்கு மருந்தை ரெண்டு மில்லி ஏத்தணும்னா ரெண்டுதான் ஏத்துதேன். கூடக் கொஞ்சம் போட்டா நல்லதுன்னு போடுவேனா? கூடப் போட்டாலும் ஆளு போயிரும், கொறச்சுப் போட்டாலும் போயிரும். நீங்க ரெண்டையும் செஞ்சு பாத்துட்டிய" என்றாள். பிறகு, "நாளைக்குக் காலையில நான் முன்னால நின்னு பாப்பேன். அப்புறந்தான் வண்டியில ஏறுவேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை வெளுத்து வரும் நேரம். காரின் மேல் உறைபனி. கோமதி யூனிபார்முக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு, குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள். ரெஞ்சின் கைப்பிடியைத் திருகி நூற்றெட்டில் வைத்தேன். முதல் நட்டு கொஞ்சம் நகர்ந்தது, பிறகு டக். அவள் குனிந்து அதன் மேல் ஒரு பொட்டு வைத்தாள். "எதை முடிச்சோம்னு தெரியட்டும்" என்றாள். பட்டறைக்காரன் நினைத்த அர்த்தமும் எங்கள் அர்த்தமும் அந்தப் பொட்டில் ஒன்றாகிப்போனதை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. ஐந்தைந்தாக, நட்சத்திரக் கோட்டில் ஒன்றுக்கு எதிர் ஒன்று என்று மூன்று சக்கரம் முடித்தோம். நாலாவதிலும் நாலு ஆகி, பத்தொன்பது நட்டு முடிந்ததும் அவள், "நேரமாச்சு" என்று காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். மிச்சம் இருந்தது முன் இடது சக்கரத்தின் கடைசி நட்டு, அவள் கதவுக்குப் பக்கத்திலேயே.

டக்.

என் கை அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டது. அந்தப் பெண்மணி சொன்ன மாதிரியே நின்றது. ஆனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது, அதை நான் அறியவில்லை. கார்க் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க," என்றாள் கோமதி, மெதுவாக. "காலை எறக்குங்க."

குனிந்து பார்த்தேன். என் இடது கை கூரை விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கால் தரையை விட்டு எழும்பி, ரெஞ்சின் தண்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மிதிக்கத் தயாராக நின்றது. நான் அதைத் தூக்கவில்லை, அதுவாக எழுந்திருந்தது. இறக்கினால் இலத்தூரில் மறந்துபோன மாதிரி ஆகிவிடுமோ, மிதித்தால் இவள் மறுபடி ரோட்டில் நிற்பாளோ என்று இரண்டு பயமும் அந்தக் காலில் வந்து நின்றன. ரெஞ்சை மட்டும் நட்டிலிருந்து உருவி எடுத்தேன், காலை இறக்கத் தெரியவில்லை. அவள் இறங்கி வந்து கடைசிப் பொட்டைத் தானே வைத்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள், மறுபடி ஏறி வண்டியை எடுத்தாள். சிவப்புப் பொட்டுகள் சுற்ற ஆரம்பித்து, ஒரு வளையமாகி, தெருமுனையில் திரும்பி மறைந்தன. அவள் போய்ச் சேர்ந்தேன் என்று செய்தி அனுப்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் அங்கே ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.